தோரியம்

தோரியம் என்பது அணு எண் 90 கொண்ட கதிரியக்கத் தனிமம் ஆகும். ஆக்டினைடு வரிசையைச் சேர்ந்த இத்தனிமம் வெள்ளி போன்ற பளபளப்புடைய மாழை (உலோகம்) ஆகும். காற்றில் திறந்து வைத்தால் சிறிது சிறிதாக மங்கிக் கருநிறம் அடைகின்றது. இதன் அணு நிறை 232.04. உருகுநிலை ஏறத்தாழ 1,750 பாகை செல்சியசு. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.7 கிராம், அதாவது ஏறத்தாழ ஈயத்தின் அளவு. புவி ஓட்டில் யுரேனியத்தைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் மிகுதியாகக் காணப்படுகின்றது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இத்தனிமம் இரு வழிகளில் நெருக்கமானது. முதலாவது, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு என்னும் கனிமம். இரண்டாவது, மின்சாரம் எட்டாத காலத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிச் சிற்றூர்களில் திருமணத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் ஒளி தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில். இவ்விரண்டையும் இணைப்பது தோரியத்தின் சேர்மங்களே.

பெயர்க்காரணம்

தோரியம் என்ற பெயர் நோர்வே, சுவீடன் முதலிய நாடுகளின் பழந்தொன்மங்களில் வரும் தோர் என்னும் இடிக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது. கையில் சம்மட்டி ஏந்தி இடியையும் மின்னலையும் உண்டாக்கும் தோர், இந்தியத் தொன்மங்களில் வச்சிராயுதம் ஏந்தும் இந்திரனுக்கு ஒப்பானவர். ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்கு வழங்கும் பெயரும் இக்கடவுளின் பெயரிலிருந்தே தோன்றியது.

இப்பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் யோன்சு யாக்கோபு பெர்சீலியசு. பெயர் முதன்முதலில் வழங்கப்பட்டபோது அது குறித்த பொருள் தோரியம் அன்று. 1815 ஆம் ஆண்டில் சுவீடனின் பாலுன் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு கனிமத்தைப் பகுத்தாய்ந்த பெர்சீலியசு, அதில் புதிய தனிமம் ஒன்றின் ஆக்சைடு உள்ளதாகக் கருதி, அத்தனிமத்துக்குத் தோரின் பெயரை இட்டார். சில ஆண்டுகள் கழித்து அவரே மீண்டும் ஆய்ந்தபோது அது முன்னரே அறியப்பட்ட இட்ரியம் என்னும் தனிமத்தின் பாசுப்பேட்டு என்று தெரிந்தது. தம் அறிவிப்பைத் தாமே திரும்பப் பெற்றார். பெயர் உரியவர் இன்றி நின்றது.

1828 ஆம் ஆண்டில் நோர்வேயின் லோவோயா என்னும் தீவில் மோர்ட்டன் திரானே எசுமார்க்கு என்னும் மத குரு கருநிறக் கனிமம் ஒன்றைக் கண்டெடுத்தார். கனிமங்களைச் சேகரிப்பதில் ஆர்வம் கொண்ட அவர், அதைத் தம் தந்தையும் கனிமவியல் பேராசிரியருமான யென்சு எசுமார்க்கிடம் கொடுத்தார். தந்தைக்கும் அது இன்னதென்று விளங்காமையால் பெர்சீலியசுக்கு அனுப்பி வைத்தார். இம்முறை பெர்சீலியசு உண்மையிலேயே ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். தாம் முன்பு கைவிட்ட பெயரையே அதற்கு மீண்டும் இட்டார். கனிமம் தோரைட்டு என்று பெயர் பெற்றது. தனிமத்தின் குறியீடாக அதன் இலத்தீன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் வழங்குகின்றன.

பெயரிட்ட காலத்தில் இத்தனிமம் கதிர்வீசும் என்பது எவருக்கும் தெரியாது. கதிரியக்கம் என்னும் நிகழ்வே 1896 இல்தான் அறியப்பட்டது. தோரியம் கதிரியக்கம் உடையது என்பதை 1898 இல் செருமனியின் கெரார்டு சிமிட்டும், பாரிசில் மேரி கியூரியும் தனித்தனியே கண்டறிந்தனர். யுரேனியத்துக்கு அடுத்துக் கதிரியக்கம் உடையதாக அறியப்பட்ட இரண்டாவது தனிமம் இதுவே.

ஒரே தனிமத்துக்குப் பல பெயர்கள்

1900 முதல் 1913 வரை தோரியத்தைச் சுற்றிப் பெயர்க் குழப்பம் ஒன்று நிலவியது. தோரியத்தையும் யுரேனியத்தையும் ஆய்ந்தவர்கள், வெவ்வேறு வேகத்தில் சிதையும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கண்டு, ஒவ்வொன்றையும் தனித் தனிமம் என எண்ணிப் பெயரிட்டனர். அவற்றுள் பின்வருவன யாவும் உண்மையில் தோரியமே:

- அயோனியம்: இன்றைய தோரியம்-230. 1907 இல் போல்ட்வுட்டு கண்டறிந்தார்.
- ரேடியோதோரியம்: இன்றைய தோரியம்-228. 1905 இல் ஓட்டோ ஃஆன் கண்டறிந்தார்.
- ரேடியோஆக்டினியம்: இன்றைய தோரியம்-227.
- யுரேனியம் எக்ஸ்-1: இன்றைய தோரியம்-234.
- யுரேனியம் ஒய்: இன்றைய தோரியம்-231.

மறுபுறம், தோரியத்தின் பெயரைத் தாங்கியிருந்தும் தோரியம் அல்லாத பொருள்களும் இருந்தன. தோரியம் எக்ஸ் எனப்பட்டது ரேடியம்-224. தோரியம் சி எனப்பட்டது பிசுமத்து-212. தோரியம் டி எனப்பட்டது ஈயம்-208. மீசோதோரியம்-1 என்பது ரேடியம்-228, மீசோதோரியம்-2 என்பது ஆக்டினியம்-228.

இவை போதாவென்று, அமெரிக்க வேதியியலாளர் சார்லசு பாசுக்கர்வில் 1904 இல் தோரியம் ஒரு கலவை என்றும், அதிலிருந்து கரோலினியம், பெர்சீலியம் என்னும் இரு புதிய தனிமங்களைப் பிரித்ததாகவும் அறிவித்தார். பிறரால் அவை உறுதி செய்யப்படவில்லை. அப்பெயர்கள் மறைந்தன.

அயோனியத்தைத் தோரியத்துடன் கலந்துவிட்டால் எந்த வேதி முறையாலும் மீண்டும் பிரிக்க இயலவில்லை. ரேடியோதோரியமும் அவ்வாறே. கதிரியக்கத்தில் வேறுபட்டும் வேதிப் பண்பில் சிறிதும் வேறுபடாத இப்பொருள்களுக்கு விளக்கம் தேடியபோதுதான், ஒரே தனிமத்துக்கு வெவ்வேறு நிறையுடைய அணுக்கள் இருக்கலாம் என்ற முடிவுக்கு பிரெடெரிக் சாடி வந்தார். தனிம அட்டவணையில் ஒரே இடத்தைப் பிடிப்பவை என்ற பொருளில் 1913 இல் இவற்றுக்கு ஐசோடோப்பு என்ற சொல் வழங்கலாயிற்று. தமிழில் இதனை ஓரிடத்தான் என்பர்.

இதற்கு முன்னர், 1901 முதல் 1903 வரை கனடாவின் மாண்ட்ரியால் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் எர்ணசுட்டு ரதர்போர்டும் சாடியும் செய்த ஆய்வுகளும் தோரியத்தைக் கொண்டே நடந்தன. ஒரு தனிமம் தானாகவே வேறொரு தனிமமாக மாறுகின்றது என்பதை அவர்கள் காட்டினர். தோரியத்திலிருந்து வெளிவரும் கதிரியக்க வளிமம் ரேடான்-220 ஆகும். அது இன்றளவும் தோரான் என்ற பழைய பெயராலும் அழைக்கப்படுகின்றது.

கதிரியக்கச் சிதைவு

இயற்கையில் கிடைக்கும் தோரியம் ஏறத்தாழ முழுவதும் தோரியம்-232 என்னும் ஓரிடத்தானே. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,405 கோடி ஆண்டுகள். அண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பதால், அண்டம் தோன்றிய காலம் தொட்டு ஒரு தோரியக் கட்டி இருந்திருக்குமானால் அதில் இன்னும் பாதிக்குச் சற்று மேல் எஞ்சியிருக்கும்.

அரைவாழ்வு நீண்டிருப்பதன் பொருள் சிதைவு மெதுவானது என்பதாகும். ஒரு கிராம் தூய தோரியம்-232 இல் நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. ஒரு கிராம் ரேடியம்-226 இல் நொடிக்கு ஏறத்தாழ 3,700 கோடி அணுக்கள் சிதைவதுடன் இதனை ஒப்பிடலாம்.

தோரியம்-232 நேரடியாக நிலைப்பு அடைவதில்லை. ஆறு ஆல்ஃபா சிதைவுகளையும் நான்கு பீட்டா சிதைவுகளையும் கடந்து ஈயம்-208 ஆக முடிகின்றது. இத்தொடரில் ரேடியம்-228 (அரைவாழ்வு 5.75 ஆண்டுகள்), தோரியம்-228 (1.9 ஆண்டுகள்), ரேடியம்-224 (3.6 நாட்கள்), ரேடான்-220 (56 நொடிகள்) ஆகியன அடங்கும். தொடரின் இறுதிக்கு அருகில் உள்ள தாலியம்-208 மிகுந்த ஆற்றலுடைய காமா கதிரை வீசுகின்றது. கடற்கரை மணலின் மேல் கதிர் அளவி காட்டும் அளவில் பெரும் பங்கு தோரியத்தின் இத்தகைய வழித்தோன்றல்களால் வருவதாகும்.

சேர்மங்கள்

தோரியம் அணு தன் வெளிப்புற எதிர்மின்னிகள் நான்கையும் எளிதில் இழக்கின்றது. ஆகவே இதன் சேர்மங்களில் ஏறத்தாழ அனைத்திலும் இணைதிறன் நான்காகவே இருக்கின்றது. யுரேனியத்தின் சேர்மங்கள் மஞ்சள், பச்சை எனப் பல நிறங்களில் அமைய, தோரியத்தின் சேர்மங்கள் பெரும்பாலும் வெண்மையாகவோ நிறமற்றோ உள்ளன. நான்கு எதிர்மின்னிகளை இழந்த தோரிய அயனியில் நிறத்தை உண்டாக்கும் எதிர்மின்னிகள் எவையும் எஞ்சுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

இப்பண்பினாலேயே தோரியம் நெடுங்காலம் தனிம அட்டவணையில் சிர்க்கோனியம், ஆஃப்னியம் ஆகியவற்றின் கீழே வைக்கப்பட்டிருந்தது. 1944-45 காலத்தில் கிளென் சீபோர்கு ஆக்டினைடு வரிசை என்னும் கருத்தை முன்வைத்த பின்னரே இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டது.

தோரியம் டையாக்சைடு: தோரியா என்றும் அழைக்கப்படும் இவ்வெண்ணிறப் பொருளே தோரியத்தின் மிக முதன்மையான சேர்மம். இதன் உருகுநிலை ஏறத்தாழ 3,390 பாகை செல்சியசு. அறியப்பட்ட ஆக்சைடுகள் யாவற்றிலும் இதுவே மிகவும் உயர்ந்தது. நீரில் கரைவதில்லை. காரங்களிலும் கரைவதில்லை. சூடான நைட்ரிக் அமிலத்தில்கூட, சிறிதளவு ஃஐட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்தால்தான் கரையும். உருக்குக் குகைகள், டங்சுடன் மின்னிழைகள், பற்றவைப்புத் தண்டுகள், உயர்தர ஒளிக்கருவி வில்லைகள் ஆகியவற்றில் பயன்பட்டது.

தோரியம் நைட்ரேட்டு: நீரில் எளிதாகக் கரையும் வெண்படிகம். பொதுவாக ஐந்து நீர் மூலக்கூறுகளுடன் படிகமாகின்றது. சூடேற்றினால் நைட்ரசன் டையாக்சைடு வளிமத்தை வெளியேற்றித் தோரியம் டையாக்சைடாக மாறுகின்றது. மேண்டில் தயாரிப்பு முழுவதும் இந்த ஒரு வினையை நம்பியே அமைந்துள்ளது.

தோரியம் ஆக்சலேட்டு: வலிய அமிலக் கரைசலிலும் கரையாது வீழ்படிவாகும் உப்பு. கரைசலிலிருந்து தோரியத்தைப் பிரித்தெடுக்க உதவுகின்றது.

தோரியம் சல்பேட்டு: பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் மிகுதியாகக் கரையும். இதுவோ தண்ணீரில் மிகுதியாகவும் வெந்நீரில் குறைவாகவும் கரைகின்றது. அருமண் தனிமங்களிலிருந்து தோரியத்தைத் தூய்மைப்படுத்த இப்பண்பு பயன்பட்டது.

தோரியம் அயோடைடு: 1925 இல் வான் ஆர்க்கெல், டி போயர் ஆகிய டச்சு அறிவியலாளர்கள் இச்சேர்மத்தின் ஆவியைச் சூடான மின்னிழையின் மேல் சிதையச் செய்து மிகத் தூய தோரிய மாழையைப் பெற்றனர். பெர்சீலியசு தோரியத்தை அறிவித்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்தே தூய மாழை கைக்கு வந்தது.

தோரியம் புளோரைடு: ஒளிக்கருவிகளின் மேற்பூச்சாகவும், உருகிய உப்பு அணு உலைகளுக்கான எரிபொருள் கலவையிலும் பயன்படுவது.

மேண்டிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கும்

ஆசுத்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் பான் வெல்சுபாக்கு 1885 இல் வளிம விளக்குக்கான மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் செய்தவை பசுமை கலந்த ஒளியையே தந்தமையால் வணிகத்தில் வெற்றி பெறவில்லை. 1891 இல் 99 பங்கு தோரியம் டையாக்சைடும் 1 பங்கு சீரியம் டையாக்சைடும் கொண்ட கலவையைக் கண்டார். அதன் பிறகு மேண்டில் உலகெங்கும் பரவியது. பெர்சீலியசின் ஆய்வகத்தில் பிறந்த தனிமத்துக்குக் கிடைத்த முதற்பெரும் பயன்பாடு இதுவே.

மேண்டில் என்பது நூலால் பின்னிய ஒரு சிறு பை ஆகும். தோரியம் நைட்ரேட்டும் சிறிதளவு சீரியம் நைட்ரேட்டும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்தப்படுகின்றது. விளக்கில் கட்டி முதன்முறை கொளுத்தும்போது நூல் எரிந்து போகின்றது. நைட்ரேட்டு சிதைந்து ஆக்சைடாகி, நூல் இருந்த வடிவிலேயே எலும்புக்கூடு போல் நிற்கின்றது. இதுவே ஒளிவிடுவது. இது துணி அன்று, சாம்பல் போன்ற பீங்கான். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும்.

தோரியா மட்டும் தனித்து நின்றால் சூடேறுமே தவிர மங்கலாகவே ஒளிரும். ஏனெனில் அது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மிகக் குறைவாகவே வீசுகின்றது. அதேபோல் அகச்சிவப்புக் கதிரையும் குறைவாக வீசுவதால், பெற்ற வெப்பத்தை வீணாக்காது மிக உயர்ந்த வெப்பநிலையை அடைகின்றது. அவ்வெப்பநிலையில் அதனுள் கலந்த சிறிதளவு சீரியம் ஆக்சைடு கண்ணுக்குப் புலப்படும் ஒளியை வீசுகின்றது. சீரியத்தின் அளவைக் கூட்டினால் வெப்பம் வீணாகி ஒளி குறைகின்றது. 1 விழுக்காடு என்ற அளவு இவ்வாறு அமைந்ததே. மேண்டிலில் தோரியம் சேர்க்கப்பட்டதற்கும் அதன் கதிரியக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1891 இல் கதிரியக்கம் அறியப்படவே இல்லை.

பெட்ரோமாக்ஸ் என்பது பெர்லின் நகர நிறுவனம் ஒன்று உருவாக்கிய அழுத்த மண்ணெண்ணெய் விளக்கின் வணிகப் பெயர். தமிழ்நாட்டில் அவ்வகை விளக்குகள் யாவற்றுக்கும் அது பொதுப்பெயர் ஆயிற்று. சிற்றூர்களில் கேஸ் லைட்டு என்றும் வழங்கும். காவிரிக் கழிமுக ஊர்களில் மின்சாரம் வருமுன் திருமண ஊர்வலம், சாமி புறப்பாடு, தெருக்கூத்து, நாடகம், அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் இரவு நேரக் கதிரடிப்பு ஆகியவற்றுக்கு இவ்விளக்கே ஒளி தந்தது. நாள் வாடகைக்கு விளக்குவிடும் கடைகள் இருந்தன. மண்ணெண்ணெய் நிரப்பி, பம்பு அடித்து, மேண்டில் கட்டிக் கொடுப்பது தனித் தொழிலாக விளங்கியது. 1984 இல் வெளியான வைதேகி காத்திருந்தாள் திரைப்படத்தில் கவுண்டமணியும் செந்திலும் நடித்த நகைச்சுவைக் காட்சி, எரிந்த மேண்டில் தொட்டால் உதிரும் என்னும் இவ்வேதியியல் உண்மையை மையமாகக் கொண்டதே.

இந்திய மேண்டில் தயாரிப்பாளர்களுக்கான தோரியம் நைட்ரேட்டு, தென்கோடிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்த மோனசைட்டிலிருந்தே வந்தது. ஆகவே கழிமுகத்தின் களத்துமேட்டில் எரிந்த ஒளிக்கு மூலம் குமரிக் கரையின் கருமணல் எனலாம்.

மோனசைட்டும் மணவாளக்குறிச்சியும்

மோனசைட்டு என்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களும் தோரியமும் கொண்ட பாசுப்பேட்டுக் கனிமம். தனித்திருத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 1829 இல் பெயர் பெற்றது. இந்திய மோனசைட்டில் 8 முதல் 10 விழுக்காடு வரை தோரியம் ஆக்சைடு உள்ளது.

1909 இல் ஷோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். மேண்டில் தொழிலால் தோரியத்துக்குப் பெருந்தேவை இருந்த காலம் அது. அவர் திருவிதாங்கூருக்கு வந்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவினார். முதல் உலகப் போர் மூண்டபோது செருமானிய உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். தொழில் இலண்டன் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது.

மின்விளக்குகள் பரவியபோது மேண்டிலின் தேவை குறைந்தது. 1945 இல் அணுகுண்டு வீசப்பட்ட பின் அதே மணல் வேறு காரணத்துக்காக மதிப்புப் பெற்றது. 1940களின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் மோனசைட்டு எவருக்குச் செல்வது என்பது அரசியல் சிக்கலாகவே எழுந்தது. விடுதலைக்குப் பின் 1950 ஆகத்து 18 அன்று இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952 இல் கேரளத்தின் ஆலுவாயில் மோனசைட்டைப் பகுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துடன் மணவாளக்குறிச்சியும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது.

பகுக்கும் முறை பின்வருமாறு. மணலிலிருந்து இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு, மோனசைட்டு ஆகியன அவற்றின் அடர்த்தி, காந்தப் பண்பு, மின்கடத்தும் பண்பு ஆகிய வேறுபாடுகளைக் கொண்டு பிரிக்கப்படும். பின்னர் மோனசைட்டு நுண்பொடியாக்கப்பட்டுச் சூடான எரிசோடாக் கரைசலில் வேகவைக்கப்படும். பாசுப்பேட்டு, மூச்சோடியம் பாசுப்பேட்டாகக் கரைந்து பிரியும். அருமண் தனிமங்களும் தோரியமும் ஃஐட்ராக்சைடுகளாக எஞ்சும். இதில் அளவறிந்து ஃஐட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அருமண் தனிமங்கள் கரையும். தோரியம் ஃஐட்ராக்சைடு கரையாமல் தங்கும்.

அணுக்கனிம ஆய்வு இயக்ககத்தின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1.3 கோடி டன் மோனசைட்டு உள்ளது. ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் கரைகள் இவற்றில் முதன்மையானவை. 2013 இல் தமிழ்நாடு அரசு கடற்கரைக் கனிம மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது.

காவிரிக் கழிமுகத்தில் தோரியம்

குமரிக் கரையில் இவ்வளவு தோரியம் இருக்க, காவிரிக் கழிமுகத்தில் ஏன் மோனசைட்டு எடுக்கப்படுவதில்லை என்ற கேள்வி எழலாம். கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் காவிரி கடந்து வரும் நைசு, சார்னோக்கைட்டு முதலிய பழம்பாறைகளிலும் மோனசைட்டு சிறிதளவு உண்டு. பாறை சிதையும்போது அது கரைவதில்லை. மணியாகவே ஆற்றில் இழுத்து வரப்படுகின்றது. கழிமுகத்தில் அதனுடன் பெருமளவு வண்டலும் களிமண்ணும் வெண்மணலும் கலந்து படிவதால் செறிவு குறைந்துவிடுகின்றது.

செறிவு உண்டாக அலைகள் வேண்டும். குவார்ட்சு மணலின் அடர்த்தி 2.65. மோனசைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 5. அலை ஓயாமல் அடிக்கும் கரையில் இலேசான மணல் அகன்று, கனத்த மணிகள் தங்குகின்றன. முறத்தில் புடைக்கும்போது பதர் பறந்து நெல் தங்குவது போன்றதே இது. பருவக்காற்றின் வலிய அலைகளும், மோனசைட்டு மிகுந்த பாறைகள் கரைக்கு அருகிலேயே அமைந்திருப்பதும் தென்மேற்குக் கரையில் இப்புடைத்தலை நன்கு நிகழ்த்துகின்றன.

உலகின் எந்த மண்ணிலும் ஓரளவு தோரியம் இருக்கவே செய்யும். புவி ஓட்டில் இதன் சராசரி அளவு பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 10 பங்கு. கழிமுக வயல்களும் இதற்கு விலக்கல்ல. ஆயினும் தோரியச் சேர்மங்கள் மண் நீரில் ஏறத்தாழக் கரையாதவை. கரைந்த சிறு அளவும் களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொள்கின்றது. ஆகவே நெற்பயிரின் வேர் வழியே தோரியம் மேலேறுவது மிகவும் அரிது. இதன் வழித்தோன்றலான ரேடியம்-228 கால்சியத்தை ஒத்த பண்புடையது, ஆதலால் தோரியத்தைவிட எளிதாகப் பயிரை அடையும்.

மண்ணில் உள்ள இச்சிறிதளவு தோரியம் நிலவியலாளர்களுக்குக் கடிகாரமாகவும் உதவுகின்றது. புதைந்த மணலில் உள்ள பெல்சுபார், குவார்ட்சு மணிகள், சுற்றியுள்ள தோரியம், யுரேனியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சை ஆண்டுதோறும் உள்வாங்கிச் சேமிக்கின்றன. ஆய்வகத்தில் ஒளியூட்டினால் அச்சேமிப்பு ஒளிர்வாக வெளிப்படும். மொத்தச் சேமிப்பை ஆண்டுக்கு உள்வாங்கும் அளவால் வகுத்தால், அம்மணல் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று தெரியும். 2010 இல் வெளியான ஆய்வு ஒன்றில் காவிரிக் கழிமுகத்தில் துளையிட்டு எடுத்த படிவுகளின் காலம் இம்முறையில் கணிக்கப்பட்டது.

அணு எரிபொருளாக

தோரியம்-232 தானே பிளவுறும் எரிபொருள் அன்று. நியூட்ரான் ஒன்றை ஏற்றுத் தோரியம்-233 ஆகி, ஏறத்தாழ 22 நிமிட அரைவாழ்வுடன் புரோட்டாக்டினியம்-233 ஆகவும், 27 நாள் அரைவாழ்வுடன் யுரேனியம்-233 ஆகவும் மாறுகின்றது. இந்த யுரேனியம்-233 தான் பிளவுறும் எரிபொருள். ஈர விறகு எரிவதற்கு முதலில் வேறு நெருப்பு வேண்டுவது போல, தோரியத்துக்கு முதலில் யுரேனியமோ புளூட்டோனியமோ வேண்டும்.

ஓமி பாபா 1950களில் வகுத்த மூன்று கட்டத் திட்டம் இதை ஒட்டியதே. முதற்கட்டத்தில் இயற்கை யுரேனிய உலைகள், இரண்டாம் கட்டத்தில் புளூட்டோனியத்தைக் கொண்டு இயங்கும் வேக ஈனுலைகள், மூன்றாம் கட்டத்தில் தோரியம். கல்பாக்கத்தில் வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அங்கேயே காமினி என்னும் 30 கிலோவாட் உலை 1996 அக்டோபரில் யுரேனியம்-233 ஐ எரிபொருளாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் எரிபொருள் ஏற்றும் பணிக்கான தொடக்க நிகழ்ச்சி 2024 மார்ச்சில் நடந்தது.

யுரேனியம்-233 உடன் சிறிதளவு யுரேனியம்-232 உம் உண்டாவது பெரிய இடர்ப்பாடு. அதன் வழித்தோன்றல்களுள் மேலே கண்ட தாலியம்-208 உம் ஒன்று. அதன் வலிய காமா கதிரால் எரிபொருளைத் தடித்த சுவர்களுக்குப் பின்னிருந்து தொலைக் கருவிகளால்தான் கையாள இயலும். தோரியத்தை எடுத்த உடனே மின்சாரம் கிடைத்துவிடும் என்னும் பரவலான எண்ணம் இவற்றைக் கருதாமல் எழுவதாகும்.

உடல்நலக் கேடுகள்

தோரியம் வீசும் ஆல்ஃபா துகள் தோலைக் கடக்காது. உடலுக்கு வெளியே இருக்கும்வரை இதனால் தீங்கு குறைவு. மூச்சு வழியாகவோ ஊசி வழியாகவோ உள்ளே சென்றால் நிலைமை வேறு. கரையாத தோரியா உடலை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை.

இதற்குத் துயரமான சான்று தோரோட்ராசுட்டு என்னும் மருந்து. தோரியம் டையாக்சைடின் நுண்துகள்கள் மிதக்கும் இந்நீர்மம் 1930கள் முதல் 1950கள் வரை பல நாடுகளில் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழுவதற்காக நோயாளிகளின் இரத்தக் குழாய்களில் செலுத்தப்பட்டது. உடனடித் தீங்கு எதுவும் தோன்றாமையால் பாதுகாப்பானது எனக் கருதப்பட்டது. தோரியாவோ கல்லீரலிலும் மண்ணீரலிலும் வாழ்நாள் முழுவதும் தங்கியது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாயிற்று.

கடற்கரை மக்களைப் பொறுத்தவரை, மணவாளக்குறிச்சிப் பகுதியைப் போன்றே இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி 10 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009 இல் வெளியானது. கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் புற்றுநோய் மிகுந்ததாக அவ்வாய்வில் தெரியவில்லை. எனினும் இது வெளியிலிருந்து வரும் கதிரைப் பற்றிய முடிவு. மணல் பிரிக்கும் ஆலைகளில் மோனசைட்டுத் தூசியை மூச்சில் இழுக்கும் தொழிலாளர்களுக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது. அவர்களுக்குத் தூசி தடுப்பும் கதிர் அளவுப் பதிவும் இன்றியமையாதவை.

மேண்டிலுக்கும் இதே விதி பொருந்தும். எரியும் விளக்கின் அருகில் அமர்வதால் பெறும் கதிர் மிகச் சிறிது. உதிர்ந்த மேண்டில் தூளை வாயால் ஊதுவதும், கையால் துடைத்துவிட்டு அக்கையாலேயே உண்பதும் தவிர்க்க வேண்டியவை. ஈரத்துணியால் துடைத்து எடுப்பது நன்று. 1990களில் மேலைநாட்டு நிறுவனங்கள் சில, தோரியத்துக்கு மாற்றாக இட்ரியம் கொண்ட மேண்டில்களுக்கு மாறின. 1815 இல் பெர்சீலியசு எந்தத் தனிமத்தைத் தவறுதலாகத் தோரியம் என்று அழைத்தாரோ, அதே இட்ரியமே இன்று மேண்டிலில் தோரியத்தின் இடத்தைப் பிடித்துள்ளது.